அண்ணியின் குரலில் விழுந்த இடைவெளிகள்

மரக்காணம் கடைத்தெருவில் நான் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த காலத்தில், எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் அதை ஊருக்குச் சொன்னது என் அண்ணியின் குரல்தான். துக்கச் செய்தியை நாங்கள் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். தலையில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ அதைப் போட்டுக்கொண்டு கூனிமேடு வரைக்கும் போய்வரும். துணிக்கடை, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் பதிவுசெய்தோம். ஆனால் ஜனங்கள் அண்ணியை ஞாபகம் வைத்திருந்தது சாவுச் செய்திக்காகத்தான்.

அவர் பால்வாடியில் டீச்சர். ஒருநாள் உப்பளத்திலிருந்த அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் கடைக்கு வந்தவர், நான் மைக்கில் திணறுவதைப் பார்த்துவிட்டு, "குடுங்க தம்பி, நான் படிக்கிறேன்" என்று தாளை வாங்கினார். ஒரே மூச்சில் படித்தார். மறுநாளிலிருந்து எல்லாரும் அந்தக் குரலையே கேட்டார்கள். பால்வாடி விட்டதும் கடைக்கு வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

என்னிடமிருந்த ஒலிப்பதிவு மென்பொருளுக்கு ஒரு கதை உண்டு. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் திருட்டு சிடியில்தான் வேலை பார்த்தார்கள். என்னுடையது மட்டும் முறையான உரிமத்தோடு வந்தது. பொம்மையார்பாளையம் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் புல்லாங்குழல் பதிவுசெய்ய அதை வாங்கி வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது, கம்பெனிக்கு மெயில் போட்டு என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனி என்றால் எங்கோ வெளிநாட்டில் இரண்டே பேர். மென்பொருளை எழுதியவரே பதிலும் எழுதுவார். என் உடைந்த இங்கிலீஷுக்கு அவர் பொறுமையாக எழுதிய பதில்களை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வைத்திருந்தேன்.

அது ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு குறியீடு என்று பூட்டப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரின் மதர்போர்டை மாற்றினால் புதுக் குறியீடு வாங்க வேண்டும். எங்கள் ஊரில் மதர்போர்டுக்கு ஆயுசு கம்மி. உப்புக் காற்று பின்களில் பச்சைக் களிம்பு பூக்க வைத்துவிடும். முதல் தடவை போனபோது பாண்டிச்சேரி மெக்கானிக், "உப்பு தின்னுட்டுதுங்க" என்றார். நான் அதையே மெயிலில் எழுதினேன். மறுநாளே குறியீடு வந்தது. கூடவே, உப்பு எப்படிக் கம்ப்யூட்டருக்குள் வரும் என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். உப்பளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அண்ணிதான் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். அதையும் மெயிலில் குறிப்பிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி அலை வந்தது. கடைத்தெரு தப்பித்தது. குப்பங்களில் போனவர்களின் பெயர்களை அண்ணி படித்துக்கொண்டே இருந்தார். சில வீடுகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே தாளில் வந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். பால்வாடிக்கு வந்த ஒரு குழந்தை அவர் வாயைத் திறந்ததும் அழுததாம்.

"என்னைக் கண்டா எமன் வர்ற மாதிரி இருக்குது போல" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் ஒன்றும் பதிவுசெய்யவில்லை. மைக் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் நடுவில் ஒரு மெயில் வந்தது. மிகவும் சந்தோஷமான செய்தி என்று ஆரம்பித்திருந்தது. இரண்டு பேர் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, இனி வாடிக்கையாளர்களுக்கு இன்னும் நல்ல சேவை கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். கீழே யாருடைய பெயரும் இல்லை. அண்ணியிடம் சொன்னேன். "அப்ப அந்த ஆளு?" என்று கேட்டார். அவரும் அங்கேயே வேலைக்குப் போயிருப்பார் என்றேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. உப்புப் பாத்தியும் ரோடும் தெரியாமல் தண்ணீர் நின்றது. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி, பிறகு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. திரும்பி வந்தது ஆம்புலன்ஸில்.

துக்கச் செய்திக்கு ஆட்டோ ஏற்பாடாயிற்று. டிரைவர் எங்களுக்குப் பழக்கமானவர்தான். கடைக்கு வந்து, மழையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா வாய்ஸ்லயே போட்டுக் குடுத்துடுப்பா" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எல்லாம் இருந்தது. 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' இருந்தது. 'இறுதி ஊர்வலம்' இருந்தது. ஊர் பெயர், தெருப் பெயர், கிழமைகள் எல்லாம் தனித்தனித் துண்டாக இருந்தன. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணி எப்போதும் தன் பெயரைத்தான் சொல்வார். அதனால் பெயரும் இருந்தது. நகர்த்தி வரிசையாக வைத்தால் போதும். மௌஸில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, மைக்கை இழுத்து என் குரலில் படித்தேன். இரண்டு இடத்தில் தவறியது. அப்படியே கொடுத்தேன்.

காரியம் முடிந்த பிறகு அண்ணன் கடைக்கு வர ஆரம்பித்தார். உப்பளத்தில் அவர் மேஸ்திரி. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. ஒருநாள், "அவ பேசுனது ஏதாச்சும் இருக்குதாடா? சாவு நியூஸ் வேணாம். சும்மா பேசுனது" என்று கேட்டார்.

இருந்தது. முடிந்த விளம்பரத்தைக் கேசட்டில் ஏற்றிய பிறகும், மூலப் பதிவுகளை நான் அழித்ததில்லை. ஒரு வரியைப் படித்து அடுத்த வரியைப் படிப்பதற்குள் அண்ணி பேசியதெல்லாம் அதில் இருந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னது, தண்ணி கேட்டது, செத்தவருக்கு இத்தனை மச்சான்களா என்று சிரித்தது. அவை அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகள். இடம் குறைவாகப் பிடிக்கும் என்பதால் அப்படியே சேர்த்து வைத்திருந்தேன்.

ஹெட்போனை அண்ணன் காதில் மாட்டி, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அன்றிலிருந்து தினமும் வந்தார். தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கியதும், காலை வேலை முடிந்து காலில் உப்பு காய்ந்திருக்க நேராக வருவார். கேட்டுவிட்டுப் போவார். என்ன கேட்டார் என்று சொன்னதில்லை.

வெயில் ஏறுகிற சமயத்தில் மதர்போர்டு மறுபடி போயிற்று. புதுசு போட்டேன். குறியீடு கேட்டு வழக்கம்போல மெயில் அனுப்பினேன். உடனே ஒரு பதில் வந்தது, ஆனால் அது மிஷின் அனுப்பியது. ஒரு புகார் எண் இருந்தது. பிறகு வந்த பதிலில், இந்தத் தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, இதற்குக் குறியீடு தருவதில்லை, எங்கள் புதிய மென்பொருளைச் சலுகையில் வாங்கலாம் என்றிருந்தது. புதியது பழைய கோப்பைத் திறக்குமா என்று கேட்டேன். திறக்காது என்று நன்றியோடு எழுதியிருந்தார்கள். என் அண்ணியின் குரல் அதில் இருக்கிறது என்று எழுதினேன். இன்னொரு புகார் எண் வந்தது.

குறியீடு இல்லாவிட்டால் மென்பொருள் டெமோவாக ஓடும். கோப்பைத் திறக்கும், பாடும். எதையும் வெளியே சேமிக்க விடாது. அதோடு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிடும். சில நொடிகள் ஒன்றும் கேட்காது, அந்த நேரத்துப் பேச்சு போய்விடும், பிறகு வரும். காசு கொடுக்காதவன் எரிச்சல்பட்டு வாங்கட்டும் என்று வைத்த ஏற்பாடு.

முதலில் நான் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தேன். "உங்க அண்ணன் லுங்கிய உப்போட அப்பிடியே ஊற வெச்சிட்டுப் போயிட்டாரு தம்பி, நான் கேட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். "கோவம் வருது" என்று பின்னாலிருந்து அண்ணி சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்பெனியை வேறு ஒருத்தன் வாங்கிட்டான், அதனால்தான் நடுநடுவே நிற்கிறது என்றேன்.

"வாங்கினவனுக்கு இவ குரலு எதுக்குடா?"

"அவனுக்கு வேணாம்ண்ணா. நமக்குத்தான் தர மாட்றான்."

"கேக்குது இல்ல. போதும், குடு" என்று ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

எனக்குப் போதவில்லை. அந்த மென்பொருளை வைத்திருந்தவர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு இணையப் பக்கம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். எந்தெந்த ஊர்க்காரர்களோ என்னுடைய குறையையே எழுதியிருந்தார்கள். ஒருவருடைய மகள் சின்ன வயதில் வாசித்த பியானோ, ஒரு சபையின் பல வருஷப் பிரசங்கங்கள், பாதியில் நின்ற ஒரு இசைத்தட்டு, எல்லாம் அந்தக் கோப்புகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. சிலர் திட்டினார்கள், சிலர் பழைய கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாமலே வைத்திருந்தார்கள். நானும் எழுதினேன். உப்பு மறுபடி தின்றுவிட்டது என்று ஆரம்பித்து, இறந்துபோன அண்ணியின் குரல் வரைக்கும் எழுதினேன்.

சில நாள் கழித்து, தெரியாத முகவரியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. மென்பொருளை எழுதிய அதே மனிதர், அந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்திருந்தார். அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. விற்றபோது எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, குறியீடு உருவாக்கும் வழி தன்னிடம் இல்லை, இருந்தாலும் தர உரிமை இல்லை என்று எழுதியிருந்தார். உப்பளத்தைப் பற்றிச் சொன்ன பெண்ணா இறந்தது என்று கேட்டிருந்தார். பிறகு ஒன்று சொன்னார். டெமோவில் விழும் அந்த மௌனத்தைத் தானே எழுதியதாகவும், கோப்பு பாட ஆரம்பித்த இடத்திலிருந்து அது கணக்கெடுக்கும் என்றும் எழுதியிருந்தார். வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தால் மௌனம் வேறு இடத்தில் விழும்.

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஹெட்போன் போகும் துளையிலிருந்து ஒயர் இழுத்து கேசட் டெக்கில் மாட்டினேன். ஒரு கோப்பை முதலிலிருந்து ஓடவிட்டுப் பதிவுசெய்தேன். கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து இன்னொரு முறை பதிவுசெய்தேன். பிறகு கடைத்தெருவில் எல்லாரும் வைத்திருந்த திருட்டு மென்பொருள் ஒன்றில் இரண்டையும் ஏற்றி, ஒன்றில் விழுந்த பள்ளத்தை மற்றொன்றால் நிரப்பினேன். வியாபாரத்துக்கு நடுவே செய்ததால் வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில், அண்ணன் வந்து கேட்கும் நேரத்தில் நான் வெளியே கவுன்ட்டரில் இருப்பேன். உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்கும். ஜபம் மாதிரி ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு மதியம் கேசட்டைப் போட்டு அண்ணனை உட்கார வைத்தேன். குரல் நிற்காமல் ஓடியது. லுங்கி ஊறியது, அண்ணிக்குக் கோபம் வந்தது, பிறகு அவரே சிரித்தது, கூனிமேடு துணிக்கடை விளம்பரத்துக்கு நாக்குத் தடுமாறி மூன்று தரம் சொல்லிப் பார்த்தது. அண்ணன் தலையைக் குனிந்து கேட்டார். பக்கம் முடிந்து கேசட் தானாக நின்றது.

"நல்லா கீதுடா" என்றார். எழுந்திருக்கவில்லை.

"இன்னாண்ணா?"

"இதுல எடமே இல்லியே."

எனக்குப் புரியவில்லை. என்ன இடம் என்று கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டார். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"அவ நிறுத்துவா இல்ல, நடுவுல. அப்ப நான் பேசுவேன். லுங்கிய ஊற வெச்சா இன்னா, நானே வந்து தொவைக்க மாட்டனான்னு சொல்லுவேன். அப்புறம் அவ பேசுவா. எதுக்காச்சும் பொருந்தும், எதுக்காச்சும் பொருந்தாது. வீட்டுலயும் அப்பிடித்தான இருந்துது."

கேசட்டில் பாஸ் பட்டன் இருக்கிறது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கோபப்படவில்லை.

"நான் நிறுத்துனா அது நான் நிறுத்துனதுடா. அங்க அவ நிறுத்துறா."

கேசட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பழையபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் கவுன்ட்டருக்கு வந்தேன். இந்த முறை முணுமுணுப்பு கேட்டபோது, வாடிக்கையாளர் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. வியாபாரத்துக்கு வேறு ஒன்று வாங்கினேன். பெரிய முதலியார்சாவடியிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்து குரல் கொடுத்தாள். நன்றாகவே படித்தாள். குறியீடு இல்லாத மிஷின் உள்ளறையில் அண்ணனுக்காக ஓடியது. மென்பொருளை எழுதியவருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டேன். நீங்கள் சொன்ன வழி பலித்தது என்று மட்டும் எழுதினேன். அவருடைய மௌனத்தை இங்கே ஒருவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதை இங்கிலீஷில் எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த மழையில் அந்த மிஷினும் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்து, திரை திறக்கவே இல்லை. கோப்புகளும் அதோடு போயின. அண்ணன் வந்ததும் சொன்னேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். "சரிடா, வூட்டுக்குப் போறேன்" என்றார். குடையை மறந்துவிட்டு மழையில் நடந்தார். நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அவர் இன்னமும் உப்பளத்துக்குத்தான் போகிறார். கேசட்டைப் போட்டுக் கேட்கிறாரா என்று நான் கேட்டதில்லை. சில சமயம் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு வார்த்தையை முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில், என் தோளுக்குப் பின்னால் பார்த்து அவர் வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொள்வார். நான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்துவிடுவேன்.