மூன்றாவது கியர் விழும் இடம்

என் தங்கை வீட்டுக்காரருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள். அவர் பிரேக் போட்டால் டம்ளரில் தண்ணீர் அசையாது என்பார்கள். அதைக் கேட்டுத்தான் நானும் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன். குடி கிடையாது, கூச்சல் கிடையாது. பேச்சும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகிப் பத்தாவது நாள் தங்கை வந்து, "அண்ணே, இவருக்கு வாய் இருக்கா இல்லையான்னு விசாரிச்சியா?" என்று கேட்டாள்.

டாக்ஸியை விட்ட பிறகு பத்தொன்பது வருஷம் அவர் ஓட்டியது ஒரே கார், ஒரே முதலாளிக்கு. அந்தக் காரைப் பார்த்துக்கொண்டது என் ஒர்க்‌ஷாப். அதைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வீட்டை விற்றாலும் வாங்க முடியாத வண்டி, ஆனால் வாங்கின அன்றைக்கே பழசு. முகப்பு கோர்ட்டுக் கட்டடத்துத் தூண் மாதிரி விறைத்து நிற்கும். பின்பக்கக் கண்ணாடி தபால் உறை அளவுதான். உள்ளே மடக்கு மேஜை, யாரும் தொடாத சாம்பல் கிண்ணம், முள் கடிகாரம். வாடகை டாக்ஸியில்கூட ஆறு கியர், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வந்துவிட்ட காலத்தில் இந்த மகாராஜாவுக்கு நாலே நாலு கியர். அதுவும் யோசித்து யோசித்துத்தான் மாறும். கம்பெனிக்காரனே பார்ட்ஸ் போடுவதை நிறுத்திவிட்டான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பேன்.

"புதுசு வாங்கச் சொல்லுங்க மாப்ள. உங்க முதலாளிகிட்ட இல்லாததா?"

"கேட்டுட்டேன் மச்சான். இதுல உக்காந்தாத்தான் தன்னை யாரும் அவசரப்படுத்தாத மாதிரி இருக்காம்."

முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் தடித்த கண்ணாடித் தடுப்பு ஒன்று உண்டு. எப்போதும் ஏற்றியே இருக்கும். டிரைவரின் கண்கள் கண்ணாடியில் தெரிவது முதலாளிக்குப் பிடிக்காது என்பதால், நடுக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளை நம்பித்தான் மாப்பிள்ளை ஓட்டுவார். ஏதாவது வேண்டுமென்றால், அதுவே மாதத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம், முதலாளி தன் சீட்டில் கை வைக்கும் பலகையில் உள்ள பட்டனை அமுக்குவார், முன்னால் பெல் அடிக்கும். ஆக, பத்தொன்பது வருஷத்தில் அவர் முதலாளி முகத்தைப் பார்த்ததெல்லாம் கதவைத் திறக்கும்போதும் சாத்தும்போதும்தான்.

இருந்தாலும் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கியர் சொல்லிவிடும் என்பார். பங்களா கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரு மேடு ஏற வேண்டும். காலி வண்டியென்றால் தபால் பெட்டி பக்கத்தில் மூன்றாவது கியர் விழும். முதலாளி இருந்தால் கொஞ்சம் தள்ளி, தையல்கடை வாசலில். முதலாளியோடு அவர் மனைவியும் இருந்தால் அதற்கும் அப்பால், மின்கம்பத்தில். பாரம் கூடினால் பழைய கியர் பாக்ஸ் தாமதமாக மாறும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஓர் ஆள் எடைக்கா? என் காதில் பூ சுற்றுகிறார் என்று நினைத்து, ஒருநாள் அவருக்குத் தெரியாமல் டிக்கியில் இரண்டு பழைய பேட்டரிகளை வைத்து அனுப்பினேன். மேடு ஏறிய கையோடு போன் வந்தது.

"மச்சான், உங்க சாமானை எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை மதியம். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிஷ ஓட்டம். வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தார். முதலாளி இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, வண்டி வாசலுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் உயிர் போயிருக்கும் என்றார். ஆபீஸிலிருந்து கிளம்பிப் பத்தாவது நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி வரும். அதன் வாசலைக் கார் தாண்டும்போது முதலாளிக்கு உயிர் இருந்திருக்க வேண்டும்.

"பெல் அடிக்கலே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முதலாளி மனைவியிடமும் அதையேதான் சொன்னார். "பெல் அடிக்கலேம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு." அந்த அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கஷ்டப்படலே, டிரைவரைக்கூடக் கூப்பிடலே" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த நாட்களைத் தள்ளினார்.

மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. "அன்னைக்கு ஓட்டின மாதிரி நான் என்னைக்குமே ஓட்டினதில்லே மச்சான். கியர் மாறினதே தெரியலே. ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தா..." அதற்குமேல் சொல்லமாட்டார்.

முதலாளியம்மா காரை விற்கவில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வியாழன்தோறும் காலையில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். இரண்டாவது வியாழன் மாப்பிள்ளை நேராக என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்தார்.

"காலி வண்டி மச்சான். ஆனா தையல்கடை வாசல்லதான் விழுது."

"ஆயில் குறைஞ்சிருக்கும். பேயா வந்து உக்காந்திருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆயில் குறையவில்லை. ஃபில்டரை மாற்றினேன். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினேன், பம்பரமாகச் சுற்றின. கடைசியில் டேப்பை எடுத்துப் பின்பக்கம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தேன். காலி வண்டிக்கு உள்ள உயரம்தான். ஸ்பிரிங் ஆள் இல்லை என்றது.

மறு வாரம் நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் மாப்பிள்ளைக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டப்பகல், பத்து மணி வெயில். கேட்டைத் தாண்டி மேட்டில் ஏற்றினேன். தபால் பெட்டி வந்தது, போனது. இன்ஜின் இரண்டாவதிலேயே முனகிக்கொண்டிருந்தது. தையல்கடை வாசலில் மூன்றாவது மெதுவாக விழுந்தது. நடுக் கண்ணாடி இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்க்கக் கை எழும்பவில்லை. பேய் பிசாசு என்று சொல்லிக்கொண்டு வருகிற கஸ்டமரை வாசலோடு விரட்டுகிற நான், வண்டியைப் பங்களாவுக்குத் திருப்பாமல் நேராக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, இவரு சரியில்லே. வேலை முடிஞ்சு வந்தா நம்ம வீட்டு வாசக்கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. யாரோ உள்ளே போகட்டும்னு வழி விடுற மாதிரி. அப்புறம்தான் தான் வர்றாரு. சாப்பாடும் இறங்கலே. பாதி நாள், 'நான் திரும்பிப் பார்த்திருக்கணும், திரும்பிப் பார்த்திருக்கணும்'னு தனக்குத்தானே பேசிக்கிறாரு. நீ சொன்னா கேப்பாரு. ஏதாவது சொல்லு."

அவள் போன பிறகு காரின் பின்கதவைத் திறந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஏதாவது சத்தம் கேட்குமோ என்றுதான் ஏறினேன், வேறொன்றும் நினைக்கவில்லை. கை வைக்கும் பலகையை யாரோ மேலே மடக்கி வைத்திருந்தார்கள். கீழே இறக்கினேன். பெல் பட்டன் அமுக்கினபடியே உள்ளே போயிருந்தது.

முதலாளி இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், மழை ஈரத்தில் அந்த பெல் தானாக அடிக்க ஆரம்பித்தது. பட்டனுக்கு மாற்றுப் பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்கோ மூக்கு மேல் கோபம். சனியன் ஒழியட்டும் என்று டாஷ்போர்டுக்கு அடியில் ஒயரைக் கத்தரித்து டேப் சுற்றினேன். அப்போது பட்டன் வெளியேதான் இருந்தது. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்போது யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். அதோடு மறந்தேன். பெல்லைச் சரிசெய்துவிட்டேன் என்றே அவர் நினைத்திருப்பார். சாவு வீட்டில் மாப்பிள்ளை "பெல் அடிக்கலே" என்று சொன்னபோது எனக்கு அது ஞாபகம் வந்ததா? வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். தூக்கத்தில்தான் போயிருப்பார், ஒயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையை வரச்சொல்லி, என் டூல்ஸ் பெட்டி மேல் உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். "நீங்க திரும்பிப் பார்க்காதது தப்பே இல்லே மாப்ள. அவர் கூப்பிட்டாரு. உங்களுக்குக் கேக்காம பண்ணினது நான். பாவம் என்னோடது, உங்களோடது இல்லே."

திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தரையில் கிடந்த கிரீஸ் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மச்சான்."

"சொல்லலே."

"நான் பின்னாடி உக்காந்ததே இல்லே. அந்த பட்டன் எப்படி? ஒரு தடவை அமுக்கினாலே உள்ளே போயிடுமா?"

"போயிடும். அப்படியே நிக்கும்."

"இன்னொரு தடவை அமுக்கினா?"

"வெளியே வந்துடும் மாப்ள. உள்ளே நிக்கணும்னா மறுபடி அமுக்கணும்."

அவர் கையை மடியில் வைத்து விரல்களை மடக்க ஆரம்பித்தார். முதலில் ஒன்று. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து மடக்கினார், மூன்று. இன்னும் இரண்டு, ஐந்து. கை முழுதும் மடங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதுக்கு மேலயும் அமுக்கியிருக்கலாம், இல்லையா மச்சான்?"

"அமுக்கியிருக்கலாம்" என்றேன்.