தரகு உட்பட

பாரிசின் வடக்குப் புறநகரில் நான் நாள்தோறும் வேலைக்குப் புறப்படும் பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே, ஒரு வீட்டுத் தரகு நிலையம் இருக்கிறது. துணிக்கடையில் சேலைகள் தொங்குவதுபோல் அதன் கண்ணாடிக்குப் பின்னே வீடுகளின் படங்கள் தொங்கும். ஒவ்வொன்றின் கீழும் விலை. பிறர் வீட்டு விலையைத் தெருவில் நின்று படிக்கிறோமே என்ற கூச்சம் எனக்குப் பல்லாண்டுகள் தீரவில்லை. அண்மையில் விதி மாறியது. விலையோடு தரகுக்கூலி எவ்வளவு என்பதையும், அதைத் தருபவர் விற்பவரா வாங்குபவரா என்பதையும் இப்போது எழுதியாக வேண்டும்.

அந்த விதி வந்த புதிதில் நானும் என் கணவரும் எங்கள் சிறு குடியிருப்பை விற்றோம். எங்கள் மாதா கோயில் பூசைக்கு வரும் காரைக்கால்காரர் ஒருவர்தாம் வாங்குபவரை நிலையத்திற்கு அனுப்பிவைத்தார். "அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே" என்று நிலையத்துப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"மதாம், அவர் உரிமம் பெற்ற தரகரா?"

"இல்லை. எங்கள் கோயிலுக்கு வருகிறவர்."

"பிறகு எதற்குப் பணம்? உங்களை மிரட்டுகிறாரா?"

நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. உரிமம் இல்லாதவர் தரகுக்காகக் கைநீட்டினால் அது குற்றம் என்று பொறுமையாக விளக்கினாள். எங்களுக்கு வர வேண்டிய தொகை முதல் நாளே தெரிந்திருந்தது. கடைசி நாள் அதுவே கைக்கு வந்தது. எதற்காக விற்கிறீர்கள் என்று தொடக்கம் முதல் இறுதி வரை ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தூய்மை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் திருமணமாகி இங்கு வருமுன், திண்டிவனத்தில் என் தந்தை வீடு வாங்கியதை உடனிருந்து பார்த்தவள் நான். தரகர் துரைக்கண்ணு அப்போது இளைஞர். விலையைச் சொல்லும் முன்பே அப்பா அவரிடம் கேட்டது, "ஏம்ப்பா விக்கிறாங்க?" என்றுதான். "புள்ளைங்க எல்லாம் மெட்ராசுல கீறாங்க. கடன் கிடன் ஒண்ணும் இல்லீங்க, நான் விசாரிச்சுக்கினுதான் வந்தேன்" என்றார் அவர். அதன் பின்னரே அப்பா எழுந்து சட்டை அணிந்தார். பத்திரம் பதிவான அன்று விற்றவர் ஒரு பங்கும் அப்பா ஒரு பங்கும் தரகு கொடுத்தார்கள். ஆளைக் காட்டியவர், ஆளை அறிந்தவரைக் காட்டியவர் என்று அதைப் பகிர்ந்துகொள்ளப் பதிவு அலுவலக வாசலில் ஒரு சிறு கூட்டமே நின்றது.

அந்த வீட்டில்தான், ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அக்கா பிலோமினா தனியே வாழ்ந்து வந்தாள். ஓடு மாற்றவும் கிணறு தூரெடுக்கவும் அவளால் இயலவில்லை. வீட்டை விற்றுவிட்டு, கோயில் தெருவில் அன்னம்மாள் என்பவரின் சிறு வீட்டுக்கு வாடகைக்குப் போவதாக ஏற்பாடு. அன்னம்மாள் வாக்கும் கொடுத்திருந்தார். அக்கா வேண்டியது ஒன்றே: காலைப் பூசைக்கு நடந்து போகும் தொலைவில், தான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கும் ஊரிலேயே, கடைசிவரை இருப்பது.

எங்கள் குடியிருப்பை விற்ற கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்கு ஒரே உற்சாகம். "கேக்கவே நல்லா கீதுடி லூர்து! இங்கயும் புரோக்கருங்க பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துட்டுதாம், பேப்பர்ல போட்டிருந்தான்" என்றாள். அந்தச் சட்டம் புதிய அடுக்குமாடிகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் உரியது என்பதையோ, பழைய வீட்டை விற்பவளிடம் அது எட்டிப்பார்க்காது என்பதையோ நாங்கள் இருவரும் அறியவில்லை. மறு வாரமே, விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாசலில் பலகை வைத்தாள். விலை, அதன் கீழே, 'தரகு உட்பட. வாங்குபவர் தரகு தர வேண்டியதில்லை.'

வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை. துக்கம் விசாரிக்கத்தான் வந்தார்கள். எங்கள் ஊரில் விலை எழுதிய வீடு என்றால் அது ஒன்றுதான்: வங்கி ஏலத்திற்கு விடும் வீடு. டீச்சர் வீடு ஜப்திக்கு வந்துவிட்டது என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பிரெஞ்சுக்காரியாகிவிட்ட தங்கை கைவிட்டுவிட்டாள் என்ற கிளைக்கதையும் உடன் முளைத்தது.

துரைக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பி அக்கா கேட்டாள். அவர் மழுப்பவில்லை.

"நாலு பேரு என்கிட்ட கேட்டாங்க டீச்சர், இன்னா ஜப்தியான்னு. நான் வாயத் தொறக்கல."

"கடன் இல்லைன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். சொன்னா எனக்கு இன்னா கெடைக்கப் போவுது? எல்லாக் கமிஷனும் விழுப்புரத்தானுக்குன்னு போர்டு மாட்டிட்டீங்க. அவனையே வந்து சொல்லச் சொல்லுங்க."

இந்த மறுமொழியைப் பல நாள் மனத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதன் இரக்கமின்மை இன்றும் உறுத்துகிறது. எனினும் அதை முற்றிலும் பொய்யென்று தள்ள இயலவில்லை. நம் ஊரில் தரகுக்கூலி, வாங்குபவரைக் கொண்டுவருவதற்கு மட்டும் தரப்படுவதன்று. இன்னார் இன்ன காரணத்தால் விற்கிறார், மானத்தோடுதான் விற்கிறார் என்று நான்கு வாய்கள் ஊரெங்கும் சொல்வதற்கும் சேர்த்தே தரப்படுகிறது. இங்கே பாரிசில் விற்பவரை யாருக்கும் தெரியாது. ஆகவே விதி அவரைக் காக்கிறது. அங்கே விற்பவரை எல்லாருக்கும் தெரியும். அந்த அறிமுகத்திலிருந்து அவரைக் காக்க எந்த விதியாலும் முடியாதுபோலும்.

அக்கா பலகையைக் கழற்றினாள். அதற்குள் அன்னம்மாளே வந்துவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காத பிலோமி. எவனாவது கடங்காரன் என் வாசல்ல வந்து நின்னுக்கினு கத்தினா, எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

"எனக்கு ஒருத்தன்கிட்டயும் கடன் இல்ல அன்னம்மா."

"இருக்கிறவங்க எவங்க இருக்குதுன்னு சொல்லிக்கினு திரியறாங்க?"

முப்பதாண்டுகள் ஒரே வரிசையில் அமர்ந்து பூசை கண்ட இருவர் பேசிய பேச்சு இது. அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. அன்னம்மாளின் குரலை அப்படியே நடித்துக் காட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விழுப்புரத்து ஒப்பந்தம் காலாவதியானதும் வீட்டைத் துரைக்கண்ணுவே விற்றார். இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு, கோட்டக்குப்பத்து வணிகர் ஒருவருக்கு. கடன் ஏதும் இல்லை என்று அவரிடம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாராம். ஆனால் திண்டிவனத்தில் அக்காவுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம், "பாத்து சொல்றோம் டீச்சர்" என்றார்கள். இறுதியில், அவளை டீச்சர் என்று அழைக்க ஒருவரும் இல்லாத விழுப்புரத்தில், இரயில் நிலையத்தருகே ஒரு மாடியறைக்குக் குடிபோனாள்.

அவ்வாண்டு கோடையில் அவளைக் காணப் போனேன். கோயம்பேட்டில் விழுப்புரத்திற்குப் பயணச்சீட்டு வாங்கினேன். பேருந்து திண்டிவனம் நிலையத்துள் நுழைந்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். நடத்துநர் படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"யம்மா! விழுப்புரம் டிக்கெட் எடுத்துக்கினு இங்க ஏன் எறங்கறீங்க? இங்க யாராச்சும் கீறாங்களா?"

"இல்லை."

"அப்ப ஜல்தியா ஏறுங்க, வண்டி எடுக்கணும்."

ஏறினேன். என் இருக்கையில், திண்டிவனத்தில் ஏறிய ஒருத்தி மடியில் பூக்கூடையுடன் அமர்ந்திருந்தாள். விழுப்புரம்வரை நின்றுகொண்டே போனேன்.