கோணல் விரல்

ராயபுரத்தில் நான் டாக்டராக இருந்த காலம். ஒரு மீனவரின் முறிந்த விரலைக் கோணலாகச் சேர்த்துக் கட்டிவிட்டேன். அவர் என் மேல் வழக்குப் போட்டார். அன்று முதல் எனக்குப் பயம். சின்னக் காயத்துக்கும் எக்ஸ்ரே சீட்டு எழுதினேன். அதை எடுத்துவர ஏழைகளுக்கு இரண்டு நாள் கூலி போகும். தெரிந்தேதான் எழுதினேன்.

ஒரு நாள் அதே மீனவர் மனைவியோடு வந்தார். அவள் உள்ளங்கையில் கெளுத்தி மீனின் முள் குத்தி ஒடிந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சீட்டை நீட்டினேன்.

"இன்னா டாக்டரே, முள்ளு மேலயே தெரியுது. தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன்ற?"

"என் மேல கேஸ் போட்டவர் நீங்கதானே? அப்புறம் ஏன் இங்கயே வர்றீங்க?"

"வெரலு கோணிக்கிச்சு, கேட்டேன். அதுக்காவ, என் மூணு புள்ளைங்களுக்கும் வைத்தியம் பாத்த உன்ன வுட்டுட்டு எங்க போவச் சொல்ற?"

சீட்டைக் கிழித்துப் போட்டேன். முள்ளை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும், என் வக்கீலிடம்கூட ஒப்புக்கொள்ளாததை அவரிடம் சொன்னேன்.

"உங்க விரல் விஷயத்துல தப்பு என்னோடதுதான்."

"இத நீ சொல்லணும்னுதான் நைனா வக்கீலாண்ட போனேன்" என்று சிரித்தார்.

கோர்ட்டிலும் அதையே சொன்னேன். வழக்கில் தோற்றுவிட்டு அத்தனை நிம்மதியாக வீடு திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.