பஸ் எங்கே என்று கேட்டால் வரும் பதில்கள்

கம்பெனி பஸ்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பவருக்கு ஆட்களை முகத்தால் தெரியாது; அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தையால்தான் தெரியும். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு அந்த வேலை. எந்த பஸ் எங்கே வருகிறது, யார் இன்னும் ஏறவில்லை, ஏன் தாமதம் என்று விடிந்ததிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். பயிற்சிக் காலம் முடியப்போகிறது. வேலையை உறுதி செய்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்ற பயத்தில் ஒவ்வொரு அழைப்பையும் எழுந்து நின்றுதான் எடுப்பேன். போனும் கையுமாகப் பிழைக்கிறவர்களே, கீழே வரும் ஆட்கள் உங்களுக்கும் பழக்கமானவர்களாகத்தான் இருப்பார்கள்.

வந்துட்டேன்

தினேஷ் திருநெல்வேலிப் பையன். மண்ணூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். தினமும் பஸ் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவான். "வந்துட்டேன்க்கா, ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லுங்க." அவன் வாயில் 'வந்துட்டேன்' என்றால் எழுந்துவிட்டான் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவன் குரலுக்குப் பின்னால் சளசளவென்று தண்ணீர் விழும் சத்தம். "தினேஷ், குளிச்சிக்கிட்டா பேசற?" என்றேன். "இல்லக்கா, மழை" என்றான். வெளியே சித்திரை வெயில் காலையிலேயே கண்ணைக் கூச வைத்தது. அதைச் சொன்னதும் கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது: "இங்கன மட்டும் பெய்யுதுக்கா."

டென்ஷன் ஆவாத

எங்கள் டிரைவர் கஜா அண்ணன் எதைச் சொல்வதானாலும் "ம்மா, டென்ஷன் ஆவாத" என்றுதான் ஆரம்பிப்பார். அதுவரை நான் நன்றாகத்தான் இருப்பேன். அதைக் கேட்டதும்தான் டென்ஷன் ஆரம்பிக்கும்.

ஒரு நாள் அப்படித்தான் ஆரம்பித்தார். பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டதா, யாருக்காவது அடிபட்டதா என்று என்னென்னவோ நினைத்துவிட்டேன். விஷயம் இதுதான்: வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனவர் எனக்குக் கொஞ்சம் பிரசாதம் வாங்கி வந்திருக்கிறார், அதை யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறார். "நல்ல சேதியை நேரா சொல்லக் கூடாதாண்ணா?" என்று அழாத குறையாகக் கேட்டேன். "நல்ல சேதி சொன்னாக் கூட நீ டென்ஷன் ஆவுற. அதான் மொதல்லியே சொல்லிக்கினேன்."

அட்ஜஸ்ட்

இது நானே சொன்னது, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பஸ் பழுதாகி, இரண்டு பஸ் ஆட்களை ஒரே பஸ்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. பேக்கிங்கில் வேலை செய்யும் செல்வி அக்கா படிக்கட்டில் நின்றபடி கூப்பிட்டார். "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா" என்றேன். "ஒத்தக் காலுதான் உள்ள கீது. இன்னா, அதையும் எட்த்துடவா?"

பாக்கலாம்

நிர்வாகம் பார்க்கும் சம்பத் சாரிடம் என் வேலை உறுதியாவது பற்றிக் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்மா" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னால் நல்லதா, சிரிக்காமல் சொன்னால் கெட்டதா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாள், அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா வூட்லயும் பாக்கலாம்னுதான் சொல்ட்டுப் போனாங்க. அப்பால வந்து கட்டிக்கல?"

கேட்டாண்ட வந்துடுச்சு

சம்பத் சார் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. பஸ் எங்கே இருந்தாலும், யார் கேட்டாலும், "கேட்டாண்ட வந்துடுச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டது என்றால் கேட்பவர் அமைதியாகிவிடுவாராம்.

ஒரு மழைநாள் காலை, உற்பத்தித் தலைவர் சம்பத் சாரைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்ததால் சார் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பேசச் சொன்னார். "பஸ் எங்கம்மா? நைட் ஷிப்டை அனுப்பிடவா?" சம்பத் சார் எதிரில் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்து 'கேட்டாண்ட' என்று காட்டினார். ஆனால் கஜா அண்ணன் அப்போதுதான் என்னிடம் பேசியிருந்தார். சாலைக்குக் குறுக்கே ஒரு டிரெய்லர் லாரி மாட்டிக்கொண்டு, பஸ் நகரவே இல்லை. இரவு ஆட்களை அனுப்பிவிட்டால் மெஷின் பக்கத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். வேலை போனாலும் போகட்டும் என்றெல்லாம் எனக்குத் தைரியம் வரவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்வதற்கு இன்னும் அதிகமாகப் பயந்தேன், அவ்வளவுதான். "இன்னும் வல்லக்கோட்டையே தாண்டல சார். வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்."

சம்பத் சார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். இரவு ஆட்களிடம் பேசி, ஓவர்டைம் கொடுத்து நிறுத்திவைத்தார்கள். பஸ் வரும்வரை உற்பத்தி லைன் நிற்காமல் ஓடியது. ஆனால் சம்பத் சார் மதியம்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேஜையில் இருந்த டிபன் பாக்ஸையும் குடையையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கூப்பிட்டார். நின்றுகொண்டே இருந்தேன். தன் மேஜையிலிருந்த கம்பெனி போனை, சார்ஜரோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார். "உன் வேலைய உறுதி பண்ணியாச்சும்மா. இதையும் நீயே வெச்சுக்க. பஸ் எங்கன்னு காலைல கேட்டாரே, அவர் இனிமே என்னைக் கேக்க மாட்டாராம், உன்னைத்தான் கேப்பாராம்."

உள்ளதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நிரந்தர வேலை கிடைக்கும், கூடவே ஞாயிற்றுக்கிழமையும் அணைத்து வைக்க முடியாத இன்னொரு போனும் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள்.