கங்கையம்மாள் பார்த்துத் தேர்ந்தெடுத்த எம்.பி.

கங்கையம்மாள் எங்கள் தெருத் தறிகளுக்கெல்லாம் ஊடைநூலைக் குழலில் தார் சுற்றிக் கொடுப்பவள். ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்தே அசல் பட்டா, கலப்பா என்று சொல்லிவிடுவாள். வேட்பாளரைக் கொளுத்திப் பார்க்க முடியாது; அதுதான் சங்கடம்.

சென்ற எம்.பி. தேர்தலில் தெருவே தண்ணீர், சாக்கடை என்று கேட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் வேட்பாளருக்கு வெளிநாட்டில் ஆள் பழக்கம் உண்டா என்று விசாரித்தாள். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "இன்னாம்மா, ஐ.நா. சபைக்கா ஆள் அனுப்பற?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் மகன் மணிவண்ணன் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்டை நம்பிப் போனவன். கொண்டுபோய் விட்டது மியான்மர் எல்லையில் முள்வேலி போட்ட ஒரு கட்டடத்தில். முகம் தெரியாதவர்களை ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறிக்க வேண்டும், மறுத்தால் அடி. பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் அம்மாவிடம் பேசுவான். அவனுக்காக அவள் கொடுத்த மனுக்களின் நகலெல்லாம் என் கடையில் எடுத்தவைதான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

எங்கள் பக்கம் ஆரத்தி சுற்றி முடிக்கும்வரை வேட்பாளர் நகர மாட்டார். அதை அவள் பிடித்துக்கொண்டாள். தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, "வெளிநாட்டுல உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமாப்பா?" என்று கேட்பாள்.

முதலில் வந்தவர் முத்துக்குமார், வக்கீல். "யாரையும் தெரியாதும்மா. பாஸ்போர்ட் காப்பி குடுங்க, டெல்லிக்கு எழுதறேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் எழுதறேன்" என்றார். யாரையும் தெரியாத ஆள் நமக்கு எதற்கு என்று, பொட்டு வைத்து அனுப்பிவிட்டாள். காப்பி கொடுக்கவில்லை.

அடுத்து ஆதிகேசவன் வந்தார். அவர் வேனில் ஒரு பெரிய படம்: ஒரு வெள்ளைக்காரருக்கு அவர் பட்டுத் துண்டு போர்த்துகிறார். பட்டுக்கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் துண்டு போர்த்திப் படம் எடுப்பது இந்த ஊர் வழக்கம். எங்களுக்குத் தெரியாததா? ஆனால் அவர்கள் அரைக்கால் சட்டையில் வருவார்கள். இவர் கோட்டு போட்டிருந்தார். கோட்டு போட்டவர் தூதர்தான் என்று தெருவே முடிவுகட்டியது. நானும்தான்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்மா, உம் பையன் வந்துடுவான்" என்றார் ஆதிகேசவன்.

அன்றிலிருந்து அவள் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டாள். மகனின் போன் வந்தபோது என் கடையில்தான் நின்றிருந்தாள். "கண்ணு, நம்ம ஆளு தூதர்கிட்ட சொல்லி உன்னைக் கூட்டியாந்துடுவாருடா. அதுவரைக்கும் எங்கயும் போயி மாட்டிக்காத" என்றாள்.

ஆதிகேசவன் ஜெயித்தார். முடிவு வந்ததிலிருந்து மணிவண்ணனின் போன் வரவில்லை. மூன்று வாரம் அலைந்த பிறகுதான் எம்.பி.யைப் பார்க்க விட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். வேனில் இருந்த படத்தைச் சின்னதாகக் கலர் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தாள். "இவருக்கு ஒரு போன் போடுங்கப்பா" என்று நீட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். "இவரா? யாரோ கல்யாணத்துக்கு வந்தவரும்மா. அப்படியே எம் மச்சான் கடையில சேலை எடுக்க வந்தாரு. பேருகூடத் தெரியாது."

அவர் சட்டையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிடிக்கவில்லை. எனக்கு எப்போதும் வாய்தான். மறுநாள் முத்துக்குமாரிடம் காப்பியைக் கொடுத்தோம். அவர் சொன்னபடி எழுதினார்.

அடுத்த மாதம் வாலாஜாபாத்திலிருந்து அருள் என்ற பையன் அவளைத் தேடி வந்தான். மணிவண்ணனோடு அதே கட்டடத்தில் அடைபட்டிருந்தவன். ஓட்டு எண்ணுவதற்கு முந்தின வாரம் ஒரு காவல்காரனைச் சரிக்கட்டி, நான்கு பேர் எல்லை ஆற்றைத் தாண்ட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மூன்று பேர் தாண்டி, தாய்லாந்து போலீஸ், தூதரகம் என்று அலைந்து ஊர் வந்துவிட்டார்கள்.

"அவனையும் கூப்ட்டம்மா. எங்கம்மா ஆளு ஏற்பாடு பண்ணிக்கினு இருக்குது, நான் நேர்வழியிலயே வந்துடுவேன்னு நின்னுட்டான்" என்றான் அருள். "நாங்க போனதும் மிச்சம் இருந்தவங்கள வேற எங்கியோ மாத்திட்டாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியல."



"சின்னதுலேர்ந்து எம்பேச்சை ஒரு தபாகூடக் கேட்டதில்லப்பா அவன்" என்றாள் கங்கையம்மாள். "இதைப் போயி கேட்டுக்கினானே."