கால்சட்டையோடு எழுந்த கால்சட்டை

துணியைக் கண்ணால் பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை, நான் விரலாலேயே பார்த்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார் அந்தக் கடைத்தெருத் தையல்காரர். தன் கழுத்தில் கட்டி வந்தபோதும் தடவிப் பார்த்துவிட்டு, "ரப்பர் மாதிரிதானே இருக்கு, ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி. அது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள் மருத்துவமனையில்.

மருந்து ஏற ஏறக் கட்டி கரைந்தது. கூடவே நரம்பும் அடிவாங்கி, விரல் நுனிகள் மரத்துப்போயின. "கை கால் மரத்துப் போகுதா?" என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார். "சேச்சே, ஜம்முனு இருக்கு" என்பார் இவர், வாய் கூசாமல். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், கட்டி திரும்பி வந்து ஆளை முடித்துவிடும் என்பது அவர் கணக்கு. யாரைக் கேட்டாராம்? ஒருத்தரையும் கேட்கவில்லை.

குட்டு உடைந்தது ஒரு கால்சட்டையால். வாடிக்கையாளர் அவசரப்படுத்த, வழக்கம்போல் அதைத் தொடைமேல் போட்டுக் கையாலேயே மடிப்புத் தைத்தார். "இந்தாங்க சார்" என்று எழுந்தார். சாருடைய கால்சட்டை இவருடைய கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டே எழுந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே தையல், அதுவும் என்ன நேர்த்தி!

பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். தையலைப் பிரிக்கக் குனிந்தவள் அவர் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் ஊசி குத்திய ரத்தப் புள்ளிகள்.

"வலிக்கலையா?"

"எது?"

சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் டாக்டர் அறைக்குள் அவளும் நுழைந்தாள்.

"இவர் பேச்சை நம்பாதீங்க டாக்டர். வாயைத் திறந்தா புளுகு."

"கண்ணை மூடுங்க. விரலைப் பஞ்சால தொடுவேன், தொடும்போது சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"தொட்டீங்க" என்றார் தையல்காரர். சற்றுப் பொறுத்து, "இப்பவும்." பிறகு கூடுதல் அக்கறையோடு, "இது சுண்டுவிரல்."

"நான் இன்னும் பஞ்சையே எடுக்கலை."

தையல்காரர் கண்ணைத் திறக்கவில்லை. "மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க டாக்டர். சாகப் பயமா இருக்கு."

"நிறுத்துவேன்னு யார் சொன்னா? அளவைக் குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம். வைத்தியம் நடக்கும். முதல்லயே சொல்லியிருந்தா விரல் இவ்வளவு மோசமாகியிருக்காது."

"திரும்பச் சரியாகுமா?"

"ஆகலாம், மெதுவா. முழுசா ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மனைவி மெல்லக் கேட்டாள்: "இப்ப நான் உங்க விரலைத் தொட்டிருக்கேனா, இல்லையா?"

அவர் கண்ணை மூடியபடியே வெகுநேரம் யோசித்தார்.

"தெரியலைடி" என்றார்.

அவள் தன் விரல்களை அவர் விரல் நுனிகளிலிருந்து எடுக்கவே இல்லை.