அத்தான் சொல்ல மறுத்த வரி

என் அத்தானை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றிப் பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவருவார். வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் அவரையே திட்டுவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நானாக இருந்தால் மறுபடி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

சர்ச்சில் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவர். ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, இயேசுவை மெய்யான தேவன் என்று அறிக்கையிடும் வரி வந்தால் அவர் குரல் மட்டும் தனியாகக் கணீரென்று கேட்கும். பக்கத்தில் நிற்கும் என் அக்காவுக்குப் பெருமை பிடிபடாது.

அவர்களுடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முன்பும் ஒருமுறை வந்து, ஜெபித்த மறுநாளே எழுந்து விளையாடினாள். அதை அத்தான் சர்ச்சில் சாட்சியாகச் சொல்லியிருந்தார். அந்தச் சாட்சியே வினையாகிவிட்டது. "உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று போனில் கத்தினேன்.

"இன்னிக்கு ஜெபம் பண்ணிட்டுக் காலையில போறோம்மா. அவரு தேவன். அவருக்கு இந்தக் காய்ச்சல் எம்மாத்திரம்?" என்றார்.

ஜெபக்குழு மொத்தமும் வந்து முழங்காலிட்டது. காலையில் டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்றார். அன்று மாலையே போய்விட்டாள். சர்ச் கல்லறைத் தோட்டத்தில், மதிலோரமாகப் புதைத்தோம்.

அடுத்த ஞாயிறு அந்த வரியில் அத்தான் வாயை மூடிக்கொண்டார். துக்கம், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தோம். ஆகவில்லை. பாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டபோது, சபையார் முன்னாலேயே, "இயேசு நல்ல மனுஷர். தேவன் இல்ல" என்று சொல்லிவிட்டார். சபையிலிருந்து நீக்கினார்கள். நற்கருணை கிடையாது, செத்தால் அந்தத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அக்கா ஆடித் தீர்த்தாள். "அவரு தேவன் இல்லேன்னா என் பிள்ள இப்ப யாருகிட்ட இருக்கா? சொல்லுங்க! மண்ணுகிட்டயா?"

அத்தான் கத்தவில்லை. "லிஃப்டுல மாட்டினவன் பெல் அடிச்சா, சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து ஓடறேன். அவரு தேவன்னா, நாம அழைச்சது கேட்டும் வராம இருந்தாருன்னு ஆகுது. அவரைப் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல. மனுஷர்னா, பாவம், அவரால முடியல. அவ்வளவுதான்."

என்ன மனுஷன் பாருங்கள்! இயேசுவின் மேல் பழி விழக் கூடாதென்று அவருடைய தேவத்துவத்தையே பறித்துவிட்டார். ஊர் அவரை நாத்திகன் என்றது. ஊர் வாய்க்கு என்ன, பூட்டா போட முடியும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமையல் நடந்தது, துணி காய்ந்தது, பேச்சுதான் இல்லை. ஞாயிறுதோறும் அக்கா தனியாகச் சர்ச்சுக்குப் போனாள். அத்தான் மதிலுக்கு வெளியே, மகள் இருக்கும் பக்கமாக நின்றுவிட்டுத் திரும்புவார்.

கடைசியில் கல்லீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பாப்பா பக்கத்துல வைப்பாங்களாம்மா?" என்று கேட்டார். நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

அவரும் கல்நெஞ்சர் இல்லை. "சபை முன்னால மறுத்தவர்மா. ஒரு தடவை வாயால அறிக்கை பண்ணட்டும். நானே முன்ன நின்னு அடக்கம் பண்றேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா அத்தானின் காதருகே குனிந்தாள். "ஒரே ஒரு வார்த்தைங்க. எனக்காக வேணாம், பாப்பாவுக்காகச் சொல்லுங்க."

"சும்மா சொல்ல முடியாது. சொன்னா, அவர்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டி வரும்" என்றார் அத்தான்.

"கேளுங்க" என்றார் பாஸ்டர். "இயேசு மெய்யான தேவன்னு விசுவாசிக்கிறீங்களா?"

அத்தான் கண்ணை மூடினார். மூச்சு இழுத்தது. அவர் பேசியது பாஸ்டரிடம் இல்லை.

"விசுவாசிக்கிறேன். நீர் தேவன். உம்மால முடிஞ்சிருக்கும்." கண்ணோரம் நீர் வழிந்தது. "அப்புறம் ஏன் ஆண்டவரே செய்யல? அவ சின்னப் பிள்ளதானே?"

பாஸ்டர் அப்பத்தை விண்டு, ரசத்தில் தோய்த்து, அத்தான் நாக்கில் வைத்தார். கல்லறை இடம் கிடைத்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

"ஆமென் சொல்லுங்கம்மா" என்று பாஸ்டர் அக்காவுக்கும் அப்பத்தை நீட்டினார்.

இத்தனை வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அந்த வரியைச் சொன்னவள் என் அக்கா. அப்பத்தையே பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"இவரு கேட்டாரே பாஸ்டர்," என்றாள். "பதில் வரட்டும். அப்புறம் சொல்றேன்."